சென்கிளேயர் கல்கோட்டையும் அம்மாயியின் லயமும்: பிள்ளைகள் கேட்ட ஐந்து கேள்விகள்

அட்டனிலிருந்து நுவரெலியா செல்லும் ஏ7 வீதியில், தலவாக்கலை நகரை அடைவதற்குச் சில கிலோமீற்றர்களுக்கு முன்னால், தேயிலை மலைகளுக்கு நடுவே ஒரு கோட்டை நிற்கிறது. கல் சுவர்களும் கோபுரமுமாக, ஸ்கொட்லாந்து நாட்டுப் பழைய கோட்டைகளின் சாயலில் கட்டப்பட்டது. எதிரே பள்ளத்தாக்கில் சென்கிளேயர் நீர்வீழ்ச்சி. முகப்பில் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரரின் சிலை. அவர் ஜேம்ஸ் டெய்லர், இலங்கையில் தேயிலையை வர்த்தகப் பயிராக முதலில் நட்டவர்.

இது பழைய கோட்டை அல்ல. இங்கே எந்த அரசனும் இருக்கவில்லை. ஒரு தேயிலை நிறுவனம் டெய்லரின் நினைவாக இந்த நூற்றாண்டில் கட்டிய தேநீர் நிலையம் இது. உள்ளே தேயிலை வாங்கலாம், தேநீர் குடிக்கலாம். 'டீ காஸில்' என்றால் பஸ் நடத்துனருக்கும் தெரியும், ஓட்டோக்காரருக்கும் தெரியும்.

ஏ9 பாதை நிரந்தரமாகத் திறந்த பிறகு வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையகத்துக்குச் சுற்றுலா போவது வழமையாகிவிட்டது. பாடசாலைப் பிள்ளைகளும் போகிறார்கள், குடும்பங்களும் போகின்றன. 2025 ஓகஸ்ட் விடுமுறையில் நானும் என் மகளையும் (12 வயது) மகனையும் (8 வயது) கூட்டிக்கொண்டு கிளிநொச்சியிலிருந்து புறப்பட்டேன். என் அம்மாவும் வந்தார். அவர் பிறந்தது தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றின் லயத்தில். ஒன்பது வயதில் அங்கிருந்து வன்னிக்கு வந்தவர். ஐம்பது வருடங்களுக்குப் பிறகு இப்போதுதான் திரும்பிப் போகிறார்.

இது பயணக் குறிப்பு அல்ல. அந்தக் கோட்டை வாசலில் பிள்ளைகள் என்னிடம் சில கேள்விகள் கேட்டார்கள். வடக்கிலிருந்து அங்கே போகும் எந்தப் பிள்ளையும் கேட்கக்கூடிய கேள்விகள் அவை. பதில்களை இங்கே எழுதுகிறேன். உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல உதவும்.

"இஞ்ச ஆமி இருந்ததோ அம்மா?"

மகனின் முதல் கேள்வி இதுதான். அவனில் பிழையில்லை. எங்கள் பிள்ளைகளுக்குக் கோட்டை என்றால் யாழ்ப்பாணக் கோட்டை. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, பிறகு ஐங்கோண வடிவில் விரித்துக் கட்டினார்கள். அதன்பின் ஆங்கிலேயர். 1990இல் மாதக்கணக்கில் நடந்த முற்றுகையில் ஷெல்லும் குண்டும் பட்டு இடிந்தது. பாடசாலைச் சுற்றுலாவில் அவன் பார்த்தது அந்த இடிபாட்டைத்தான். பூநகரிக் கோட்டை, மன்னார்க் கோட்டை என்று நம் கரையோரத்தில் எதை எடுத்தாலும் வெளியிலிருந்து வந்தவன் உள்ளே இருந்தவனை அடக்கக் கட்டியது. ஆகவே கோட்டை என்றால் ஆமி என்று ஒரு எட்டு வயதுப் பிள்ளை நினைப்பது அனுபவத்திலிருந்து வருகிறது.

ஸ்கொட்லாந்துக் கோட்டைகளும் ஆரம்பத்தில் அப்படித்தான். குலத் தலைவர்களும் பிரபுக்களும் ஒருவரோடொருவரும் இங்கிலாந்தோடும் சண்டையிட்ட காலத்தில் தடித்த சுவர், சிறிய ஜன்னல், உயர்ந்த கோபுரம் தேவைப்பட்டன. எடின்பரோ நகரின் கோட்டை ஒரு எரிமலைப் பாறையின் உச்சியில் இருக்கிறது. பீரங்கி வந்து, பிறகு உள்நாட்டுச் சண்டைகளும் ஓய்ந்தபின் கோட்டைக்கு இராணுவத் தேவை இல்லாமல் போனது. ஆனால் ஆசை போகவில்லை. 19ஆம் நூற்றாண்டில் செல்வந்தர்கள் சண்டைக்காக அல்லாமல் அழகுக்காகக் கோட்டை போன்ற மாளிகைகளைக் கட்டத் தொடங்கினார்கள். விக்டோரியா மகாராணிக்காக 1852இல் வாங்கப்பட்டு, 1856இல் புதிதாகக் கட்டி முடிக்கப்பட்ட பெல்மோரல் அவற்றில் மிகப் பிரபலமானது. சென்கிளேயரில் இருப்பது அந்த ஆசையின் தொடர்ச்சி.

ஸ்கொட்லாந்துக்கும் ஒரு துயரக் கதை உண்டு, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்வது நல்லது. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் அந்த நாட்டின் வடக்கு மலைப்பகுதியில் நிலப்பிரபுக்கள் செம்மறி வளர்ப்பதற்காகத் தங்கள் குடியானவர்களை ஆயிரக்கணக்கில் வெளியேற்றினார்கள். சதர்லாந்துப் பகுதியில் 1814இலும் 1819இலும் வீடுகளுக்குத் தீவைத்து ஆட்களை விரட்டினார்கள். கரையோரத்துக்கும் கனடாவுக்கும் அந்த மக்கள் போனார்கள். அந்தப் பிரபுக் குடும்பத்தின் டன்ரொபின் கோட்டை இன்றும் சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று பார்க்கும் இடம். விரட்டப்பட்டவர்களின் கிராமங்களில் மிஞ்சியது புல் மூடிய கல் அடித்தளங்கள் மட்டுமே. எரிந்த வீட்டையும் இடிந்த அத்திவாரத்தையும் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க அதிக நேரம் தேவைப்படவில்லை.

"இஞ்ச ஏன் ஸ்கொட்லாந்துக் கோட்டை?"

பதில் அந்த வீதியில் இருக்கும் தோட்டப் பெயர்ப் பலகைகளிலேயே இருக்கிறது. தலவாக்கலையில் ஹொலிரூட், லோகி. லிந்துலையில் கலிடோனியா. அக்கரப்பத்தனையில் பெல்மோரல், கிளாஸ்கோ, வேவர்லி. நானுஓயாவில் எடின்பரோ. டிக்கோயாவில் டன்கெல்ட், பிளேயர் அத்தோல். மஸ்கெலியாப் பக்கம் ஸ்ட்ராத்ஸ்பே. எல்லாம் ஸ்கொட்லாந்தோடு ஒட்டிய பெயர்கள். கலிடோனியா என்பது அந்த நாட்டுக்கு ரோமர் வைத்த பெயர். ஹொலிரூட் எடின்பரோவிலுள்ள அரச மாளிகை. பிளேயர் அத்தோலில் ஒரு பெரிய கோட்டை உண்டு. அட்டன் நகரத்தின் பெயரே ஸ்கொட்லாந்தின் அபர்டீன்ஷயரிலுள்ள ஹட்டன் என்ற ஊரிலிருந்து வந்தது.

கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் இங்கே வந்த துரைமாரில் பெருந்தொகையினர் ஸ்கொட்லாந்துக்காரர்கள். அங்கே நிலம் குறைவு, வேலை குறைவு. நடுத்தர, ஏழைக் குடும்பங்களின் இளைஞர்கள் பிரித்தானியப் பேரரசின் குடியேற்ற நாடுகளுக்கு ஒப்பந்தத்தில் போனார்கள். காட்டை வெட்டித் தோட்டம் போட்டபோது, ஊரின் பெயரை நினைவுக்கு வைத்தார்கள். குளிரும் மழையும் மூடுபனியும் அவர்களுக்கு ஊரை நினைவூட்டியிருக்கும்.

வெட்டப்பட்டது ஆளில்லாக் காடு மட்டுமல்ல. 1840களில் வந்த சட்டத்தின்படி உறுதி காட்ட முடியாத நிலமெல்லாம் முடிக்குரியது என்றாகி, மலிவு விலையில் துரைமாருக்கு விற்கப்பட்டது. மலைநாட்டுச் சிங்களக் கிராமத்தவர் சேனை செய்த, மாடு மேய்த்த நிலமும் அதில் போனது. சிங்கள விவசாயிக்கும் தமிழ்த் தொழிலாளிக்கும் இடையே பின்னாளில் மூட்டிவிடப்பட்ட பகையின் வேர் அங்கே இருக்கிறது. நிலத்தை எடுத்தவர் ஒருவர், அதில் வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர் இன்னொருவர் என்பதைப் பிள்ளைகளுக்குப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

"அந்தச் சிலையில நிக்கிறவர் ஆர்?"

ஜேம்ஸ் டெய்லர் 1835இல் ஸ்கொட்லாந்தின் கின்கார்டின்ஷயரில் சாதாரணக் குடும்பமொன்றில் பிறந்தார். பெல்மோரல் விக்டோரியாவுக்காக வாங்கப்பட்ட அதே 1852இல், 17 வயது நிரம்பும் முன் இலங்கை வந்தார். கண்டி மாவட்டம் ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் வேலை. அப்போது எங்கும் கோப்பிதான்.

1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு வருடங்களில், 1869இல், கோப்பி இலைகளில் செம்மஞ்சள் துருநோய் தென்பட்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் இலங்கையின் கோப்பி அழிந்தது. 1875இல் சுமார் ஆயிரம் ஏக்கராக இருந்த தேயிலை, 1895இல் மூன்று இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. 1885இல் ரயில் நானுஓயா வரை வந்தது. 1890இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த தோமஸ் லிப்டன் வந்து தோட்டங்களை வாங்கி, தேயிலையைப் பொதி செய்து உலகமெங்கும் தன் பெயரில் விற்றார். கோடீஸ்வரர் ஆனது லிப்டன். டெய்லர் கடைசிவரை சம்பளத்துக்கு வேலை செய்தவர். இறுதிக் காலத்தில் தோட்ட உரிமையாளர்கள் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் லூல்கந்துரவை விட்டுப் போகவில்லை. 1892 மே 2ஆம் திகதி வயிற்றுளைவில் அங்கேயே இறந்தார்.

அவருடைய உடலைக் கண்டி மஹையாவ மயானத்துக்குக் கொண்டுபோனது பற்றி ஒரு தகவல் உண்டு. டெய்லர் மிகப் பருமனானவர். மலைப்பாதை நீளமானது. 24 பேர் இரு குழுவாகப் பிரிந்து, முறைவைத்துத் தோள்மாற்றிச் சுமந்தார்கள். தொழிலாளர்கள் பின்னால் நடந்தார்கள். அவரை அவர்கள் 'சாமித் துரை' என்று அழைத்தார்களாம். மஹையாவவில் அவருடைய கல்லறையில் தேயிலைத் தொழிலின் முன்னோடி என்று பொறித்திருக்கிறது. சுமந்த 24 பேரின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை.

இதைச் சொன்னதும் என் மகள் கேட்டாள்: "அப்ப 19 ஏக்கரையும் அவர் தனியவோ நட்டவர்?"

அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு ஏக்கரில் ஆயிரக்கணக்கான கன்றுகள் நிற்கும். குழி வெட்டியவர்கள், நட்டவர்கள், களை பிடுங்கியவர்கள், கொழுந்து கிள்ளியவர்கள், கையால் கசக்கி உருட்டியவர்கள் இருந்தார்கள். டெய்லரின் அறிவையும் உழைப்பையும் குறைத்துச் சொல்லத் தேவையில்லை. அவரோடு மற்றவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"அம்மம்மா இருந்த வீடு எங்க?"

மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சை, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் கடனாலும் தள்ளப்பட்டவர்கள் கங்காணிமார் மூலம் வந்தார்கள். இராமேஸ்வரக் கரையிலிருந்து வள்ளம் ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். வாந்திபேதியாலும் அம்மையாலும் காய்ச்சலாலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். அந்தப் பாதை வன்னிக் காட்டினூடாகத்தான் போனது. 2023இல், இந்த மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் நடந்தது. உங்களில் சிலர் மன்னாரிலோ செட்டிகுளத்திலோ வவுனியாவிலோ அதைப் பார்த்திருப்பீர்கள்.

கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில் மட்டும் ஆட்கள் அதிகம் வேண்டும். ஆகவே பலர் வருவார்கள், போவார்கள். தேயிலைக்கு வருடம் முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். அதனால் பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் நிரந்தரமாகத் தங்கின. அவர்களைத் தங்கவைக்க லயங்கள் கட்டினார்கள். பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள் ஒரே வரிசையில், ஒரே கூரையின் கீழ். ஒரு காம்பரா ஏறத்தாழ பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் சிறிய இஸ்தோப்பு. அதற்குள் சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு, மரணம் எல்லாம்.

அம்மா பிறந்த லயம் இப்போது இல்லை. அந்த இடத்தில் மரக்கறிப் பாத்திகள் இருந்தன. பக்கத்து லயம் நின்றது, தகரக் கூரையில் கல்லும் பழைய டயரும் ஏற்றி, காற்றுக்குப் பறக்காமல். அம்மா அதன் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் பேரப்பிள்ளைகளிடம் சொன்னார்: "இதுவும் கல்லுதான் கண்ணு. அந்தக் கோட்டையும் கல்லு, எங்க லயமும் கல்லு. ஆனா எங்க காம்பராவுல ஜன்னல் கெடையாது. பகல்லயும் குப்பி லாம்பு வேணும்."

என் பிள்ளைகள் அவரை 'அம்மம்மா' என்கிறார்கள். நான் என் பாட்டியை 'அம்மாயி' என்றுதான் கூப்பிட்டேன். கிளிநொச்சிப் பாடசாலையில் படித்த காலத்தில் அந்தச் சொல்லை வெளியில் சொல்லாமல் விட்டேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அம்மாயியின் நாள் இப்படி இருந்தது. விடியுமுன் தப்புச் சத்தம். பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக் களத்துக்கு ஓட வேண்டும். பிந்தினால் வேலை இல்லை. இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் கயிறு மாட்டிய கூடை. இரண்டு இலையும் ஒரு மொட்டும். நிறுவையில் குறைந்தால் 'அரைப்பேர்', அதாவது அரைநாள் சம்பளம்.

இன்று நிலைமை எப்படி என்று மகள் கேட்டாள். நாங்கள் போனபோது நடைமுறையிலிருந்த கணக்கைச் சொன்னேன். 2015 அளவில் எழுந்த ஆயிரம் ரூபாக் கோரிக்கை 2021இல்தான் வர்த்தமானியில் வந்தது. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. முழுப்பேருக்கு எத்தனை கிலோ என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலரை கிலோ பச்சைக் கொழுந்து தேவை. ஆக 18 கிலோவில் 4 கிலோ தூள். ஒரு கோப்பைக்கு 2 கிராம் என்றால் 2000 கோப்பை. 1350 ரூபாவை 2000 ஆல் பிரித்தால் ஒரு கோப்பைக்கு 68 சதம். கோட்டைக்குள் நாங்கள் குடித்த தேநீரின் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் மகள் போட்ட கணக்கு இது. உங்கள் பிள்ளைகளையும் போடச் சொல்லுங்கள். கடையில் என்ன விலை கொடுத்தாலும், கிள்ளிய கைக்குப் போவது எவ்வளவு என்பது அப்போது விளங்கும்.

"அப்ப ஏன் கிளிநொச்சிக்கு வந்தனீங்கள்?"

இதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. வன்னியில் பலருக்கும் முக்கியமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்திய காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். தலவாக்கலையின் உறுப்பினர் சி. வி. வேலுப்பிள்ளை, அதே பகுதி மடகும்புர தோட்டத்தில் பிறந்த கவிஞர். அடுத்த வருடமே, சுதந்திரம் கிடைத்த 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. சுமார் ஏழு இலட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். வாக்குரிமையும் போனது. தமிழ்த் தலைவர்களிலேயே ஒரு சாரார் அதற்குத் துணைபோனார்கள். அதை எதிர்த்துப் பிரிந்தவர்கள் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள் என்பது வடக்கில் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரை இரண்டு அரசுகள் பங்குபோட்டன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்ப்போம் என்று. 1974இல் அந்த மீதியையும் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். ஒரே லயத்தில் அண்ணன் இந்தியாவுக்கு, தங்கை இலங்கைக்கு என்று எழுதப்பட்டது. அந்த வருடங்களில்தான் தோட்டங்களில் பஞ்சம். மாவும் அரிசியும் கூப்பனில் வெட்டப்பட்டன. பட்டினியால் ஆட்கள் செத்தார்கள். என் அம்மாயி ஐந்து பிள்ளைகளோடு 1974இல் வன்னிக்குப் போனது அதனால்தான். 'அங்க காடு வெட்டினா சோறு' என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

அவருக்கு முன்னும் பின்னும் பலர் வந்தார்கள். 1958, 1977, 1981, 1983 வன்முறைகளில் ஒவ்வொரு அலையாக. பாரதிபுரம், மலையாளபுரம், சாந்தபுரம், கிருஷ்ணபுரம், தொண்டமான்நகர் என்று கிளிநொச்சியிலும், வவுனியா, முல்லைத்தீவிலும் குடியேறினார்கள். 1977க்குப் பிறகு காந்தியம் அமைப்பு பலரைக் குடியமர்த்தியது. அதை நடத்திய மருத்துவர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். கென்ட், டொலர் பண்ணைகளில் குடியமர்ந்தவர்கள் 1984இல் விரட்டப்பட்டார்கள். எல்லையோரக் காடுகளில், குண்டு முதலில் விழும் இடங்களில், இருந்தவர்கள் பலர் இவர்களே. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போனவர்களிலும், திரும்பி வராதவர்களிலும், வவுனியா முகாம்களில் வரிசையில் நின்றவர்களிலும் இவர்கள் இருந்தார்கள். என் தம்பி அவர்களில் ஒருவன்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்களை வன்னி மண் ஏற்றது, ஆனால் 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லும் கூடவே வந்தது. நான் படித்த காலத்தில் அதை வகுப்பில் கேட்டேன். 'அம்மாயி' என்ற சொல்லை நான் விழுங்கியது அதனால்தான். கடந்த வருடம் என் மகள் பாடசாலையிலிருந்து வந்து, "அம்மா, நாங்கள் தோட்டக்காட்டாரோ?" என்று கேட்டாள். அவளுக்கு நேரில் காட்டத்தான் மலையகம் போனோம். வெட்கப்பட வேண்டிய இடம் ஒன்றும் அங்கே இல்லை என்று அவள் தன் கண்ணால் காண வேண்டும் என்று நினைத்தேன். காண வேண்டியதைக் கண்டாள். கோட்டையைவிட, மழையில் படங்கோடு சரிவில் நின்று கொழுந்து கிள்ளிய பெண்களைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அருவியும் அணையும்

கோட்டை முற்றத்திலிருந்து தெரியும் சென்கிளேயர் நீர்வீழ்ச்சி கொத்மலை ஓயாவில் இருக்கிறது. படத்தில் பார்த்த அகலம் நேரில் எப்போதும் இருக்காது. தலவாக்கலையில் கட்டிய மேல் கொத்மலை அணை, ஆற்றுநீரை ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தில் மின்நிலையத்துக்குத் திருப்புகிறது. ஜப்பானியக் கடனுதவியில் கட்டப்பட்டு 2012இல் இயங்கத் தொடங்கிய இதன் திறன் 150 மெகாவாட். அருவி வற்றிவிடும் என்று மலையகத்தில் போராட்டம் நடந்தது. அதனால் பகலில் குறித்த அளவு நீர் விடுவதென்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அணைக்காக லயக் குடும்பங்களும் இடம்பெயர்ந்து புதிய வீடுகளுக்குப் போயின. இரணைமடுத் தண்ணீர் யாருக்கு என்ற வாதத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது உடனே புரியும்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

கோட்டைக்குப் போங்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அதோடு திரும்பிவிடாதீர்கள். கம்பளை, புசல்லாவைப் பக்கம் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அமைத்தது. பழைய லயக் காம்பராக்களிலேயே அமைந்தது. அந்த மக்கள் புழங்கிய பாத்திரமும் கருவியும் ஆவணமும் அங்கே காணலாம். கண்டி ஹந்தானையில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் டெய்லர் காலத்து இயந்திரங்களைப் பார்க்கலாம். ஒன்று முதலாளிமாரின் பக்கம், மற்றது தொழிலாளரின் பக்கம். இரண்டையும் பார்த்த பிள்ளைக்கு நாம் பாடம் நடத்தத் தேவையில்லை.

லயத்துக்குள் போவதென்றால் தெரிந்தவர் மூலம், அனுமதி கேட்டுப் போங்கள். கொழுந்து கிள்ளும் பெண்களைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள். நிறுவைக்கு நேரமாகும்போது அவர்களை மறித்துப் பேச்சுக் கொடுக்காதீர்கள். முகாமில் நாம் இருந்தபோது வெளியிலிருந்து வந்தவர்கள் கமெராவைத் தூக்கியது எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஓகஸ்டில் மழையும் குளிரும் இருக்கும். பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை வேண்டும். புல்லில் நடந்தால் அட்டை ஏறும். கொஞ்சம் உப்பு கையில் வைத்திருங்கள்.

தோட்டப் பெயர்ப் பலகைகளைப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். பெல்மோரல், எடின்பரோ என்று வாசித்ததும், அந்த மலைகளை வெட்டித் திருத்தியவர்கள் வந்த ஊர்களையும் சொல்லுங்கள். இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம். அந்தப் பெயரில் ஒரு பலகையும் எங்கள் கண்ணில் படவில்லை.

கடைசியாக ஒரு விடயம். 2003இல் வந்த சட்டத்தோடு பிரஜாவுரிமைப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. நிலப் பிரச்சினை தீரவில்லை. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்கள் உண்டு, இன்னும் லயத்தில் இருப்பவர்கள் அதிகம். இங்கே வன்னியில், காடு வெட்டிக் குடியேறி மூன்று தலைமுறை கண்ட பின்னும் உறுதி இல்லாமல், அனுமதிப்பத்திரம் கேட்டுப் பிரதேச செயலகத்துக்கு நடக்கும் குடும்பங்கள் எங்கள் ஊரிலேயே இருக்கின்றன. தலவாக்கலையில் காணியுரிமை கேட்பவரும் பாரதிபுரத்தில் காணியுரிமை கேட்பவரும் பல வேளைகளில் ஒரே அம்மாயியின் பேரப்பிள்ளைகள். ஒருவர் கோரிக்கை வைக்கும்போது மற்றவரும் கூட நிற்க வேண்டும். அதற்கு முதலில், தாங்கள் ஒரே குடும்பம் என்பது இரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.